பிறர் செய்த தீங்கிற்கு நாம் பொறுப்பாவது எப்போது?



திருவாரூர் மனுநீதிச் சோழனின் வரலாற்றைக் கேட்டு வளராத தமிழ்ப் பிள்ளைகள் இல்லை. இளவரசன் சென்ற தேர்க்காலில் பசுங்கன்று ஒன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் சொன்னதை மன்னன் ஏற்கவில்லை. இந்த வரலாற்றைப் பெரியபுராணத்தில் பாடும் சேக்கிழார் பெருமான், உயிர்களுக்கு நேரும் ஐந்து வகை அச்சத்தை அந்த மன்னன் வாயால் எண்ணிச் சொல்ல வைக்கிறார். முதலாவது அரசனாலேயே வருவது. இரண்டாவது அவனுடைய பரிவாரத்தால் வருவது. பகைவரும் கள்வரும் விலங்குகளும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள்.

இந்த வரிசை கவனிக்கத் தக்கது. கள்வனிடமிருந்து மக்களைக் காப்பதற்கு முன்பே, தன்னுடைய ஆட்களிடமிருந்து மக்களைக் காக்கும் கடமை தலைவனுக்கு உண்டு. இன்றைய சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. நம் கீழ் வேலை செய்கிறவர் பிறருக்கு இழப்பு உண்டாக்கினால், அந்த இழப்பை ஈடு செய்யும் பொறுப்பு நம்மையும் சேரலாம். இதைச் சட்ட வல்லுநர்கள் ‘பிறர் செயலுக்கான பொறுப்பு’ என்று அழைக்கிறார்கள்.

ஆலயத்திற்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். திருவிழாக் காலத்தில் நம் ஆலயத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குருக்கள், மேளக்காரர், சமையல்காரர், ரதத்தை இழுத்துச் செல்லும் வாகன ஓட்டுநர், பந்தல் போடுபவர், மின் அலங்காரம் செய்பவர், வாகனங்களை நிறுத்த இடம் காட்டும் இளைஞர்கள், அன்னதானப் பந்தியில் கொதிக்கும் சாம்பார் வாளியைத் தூக்கி ஓடும் பிள்ளைகள். இவர்களில் ஒருவர் கையால் ஒரு பக்தருக்குக் காயம் ஏற்பட்டால் நிர்வாகத்தினர் வாயில் முதலில் வரும் சொல், “அவர் எங்கள் ஆள் அல்ல” என்பதுதான். அந்தச் சொல் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதே இக்கட்டுரையின் பாடம்.

தண்டனை வேறு, இழப்பீடு வேறு

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். குற்றவியல் வழக்கில் அரசாங்கம் குற்றவாளியைத் தண்டிக்கிறது. அங்கே பொதுவாக ஒருவர் செய்த குற்றத்திற்கு வேறொருவர் சிறை செல்வதில்லை. உரிமையியல் வழக்கில் கேள்வியே வேறு. ஒருவருக்குக் கால் முறிந்திருக்கிறது. வேலைக்குப் போக முடியவில்லை. மருத்துவச் செலவு ஆகியிருக்கிறது. இந்தச் சுமையை யார் தாங்குவது? காயம்பட்டவரே தாங்குவதா, காயப்படுத்தியவரா, அல்லது அவரை அந்த வேலையில் அமர்த்தியவரா?

முதலாளி மூன்று வழிகளில் பொறுப்பாகலாம். ஒன்று, அவர் தாமே தவறு செய்திருப்பது. உரிமம் இல்லாதவரிடம் லோரியை ஒப்படைத்தால் அது ஒப்படைத்தவரின் சொந்தத் தவறு. இரண்டு, அவர் எந்தத் தவறும் செய்யாதபோதும், அவருடைய ஊழியர் வேலையின்போது செய்த தவறு அவரைச் சேர்வது. மூன்று, எவரிடம் ஒப்படைத்தாலும் கைகழுவ முடியாத கடமை ஒன்று அவருக்கு இருப்பது. இம்மூன்றையும் உண்மை வழக்குகளின் வழியாகப் பார்ப்போம்.

“செய்யாதே என்று சொல்லியிருந்தோமே!”

1862ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்த வழக்கு இது. அக்காலத்தில் குதிரை பூட்டிய பேருந்துகள் ஓடின. ஒரு நிறுவனத்தின் ஓட்டுநர், போட்டி நிறுவனத்தின் வண்டி முந்தக் கூடாது என்று குறுக்கே மறித்தார். அந்த வண்டி கவிழ்ந்தது. போட்டி போட்டு ஓட்டக் கூடாது, பிற வண்டிகளை மறிக்கக் கூடாது என்று ஓட்டுநர்களுக்கு அட்டையில் அச்சிட்டே கொடுத்திருப்பதாக நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர் வண்டி ஓட்டும் வேலையைத்தான் செய்தார். தவறான முறையில் செய்தார். ஆகவே நிறுவனம் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று.

நூற்று அறுபது ஆண்டுகள் கடந்தும் இந்தப் பாடம் பழையதாகவில்லை. கூட்டக் குறிப்பில் தடை எழுதி வைத்தால் மட்டும் போதாது. அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

ஆனால் ஊழியர் செய்யும் எல்லாமே முதலாளியைச் சேர்வதில்லை. 1974இல் சிங்கப்பூர் கெப்பல் பேருந்து நிறுவனத்தின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. நடத்துநர் ஒரு மூதாட்டியிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார். பயணி ஒருவர் அதைத் தட்டிக் கேட்டார். வாய்ச்சண்டை முற்றி, நடத்துநர் டிக்கெட்டில் துளையிடும் கருவியால் பயணியை அடிக்க, அவருக்கு ஒரு கண் பார்வை போயிற்று. அந்த அடி டிக்கெட் கொடுக்கும் வேலையின் பகுதி அல்ல, நடத்துநரின் சொந்தக் கோபம் என்று கூறி நிறுவனத்தைப் பிரிவி கவுன்சில் விடுவித்தது. நியாயத்திற்காக வாய் திறந்தவர் கண்ணை இழந்தார். நிறுவனத்திடமிருந்து அவருக்கு ஈடு கிடைக்கவில்லை. இத்தீர்ப்பைப் படிக்கும் எவருக்கும் மனம் ஆறுவதில்லை.

காலப்போக்கில் நீதிமன்றங்களின் பார்வை விரிந்தது. 2001இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு புதிய அளவுகோலை வகுத்தது. செய்த தீங்கிற்கும் கொடுத்த வேலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டா என்பதே அது. நம் நாட்டிலும் அந்த அளவுகோல் வந்துவிட்டது. 2016 டிசம்பரில் பினாங்கில் ஒரு மெய்க்காவலர், தாம் காவல் காக்க வேண்டியவரையே சுட்டுக் கொன்றார். பிறகு அங்கிருந்த மற்றவர்களையும் சுட்டார். காயமடைந்த ஒருவர் அவரைப் பணியில் அமர்த்திய ஜிஎம்பி கைசார் பாதுகாப்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். இது அவருடைய சொந்த வெறிச்செயல் என்று நிறுவனம் வாதாடியது. 2022இல் நம் கூட்டரசு நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு என்று முடிவு செய்தது. ஒருவரைத் துப்பாக்கியோடு மக்கள் நடுவில் பணிக்கு அனுப்புகிறவர், அதனால் வரும் ஆபத்தையும் சேர்த்தே உண்டாக்குகிறார் என்பது அதன் உட்கருத்து.

சம்பளம் வாங்காத தொண்டர்

“எங்கள் தொண்டர்கள் சம்பளம் வாங்குவதில்லை, ஆகவே அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர்” என்று சொல்லலாமா?

2012இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் இதே போன்ற வாதத்தைக் கேட்டது. கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றைச் சேர்ந்த சகோதரர்கள் ஒரு பள்ளியில் ஆசிரியப் பணி செய்தார்கள். அவர்களில் சிலர் மாணவர்களுக்குக் கொடுமை இழைத்ததாக வழக்கு வந்தது. சபைக்கும் அவர்களுக்கும் இடையே வேலை ஒப்பந்தம் இல்லை. சபை அவர்களுக்குச் சம்பளமும் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர்களை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்தது சபை. அவர்கள் செய்ததும் சபையின் நோக்கத்திற்கான பணி. அந்த உறவு முதலாளி–ஊழியர் உறவைப் போன்றதே. எனவே சபையும் பொறுப்பேற்கலாம் என்று நீதிபதிகள் கூறினர்.

ஆங்கில நாட்டின் புதிய தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. 1956ஆம் ஆண்டின் குடிமைச் சட்டப்படி தீபகற்ப மலேசியாவுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலப் பொதுச் சட்டம் அந்த ஆண்டு ஏப்ரல் 7 வரை உள்ளதுதான். ஆனாலும் பிற்காலத் தீர்ப்புகளை நம் நீதிபதிகள் மதித்து ஆராய்கிறார்கள். ஆகவே ஆலயங்கள் இதைப் பிற மதத்தார் வழக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. யார் அந்தத் தொண்டரை அந்த இடத்தில் நிறுத்தினார்? யாருடைய காரியத்திற்காக அவர் அங்கே நின்றார்? இந்த இரண்டு கேள்விக்கும் “ஆலயம்” என்பது விடையானால், சம்பளம் இல்லை என்ற ஒன்றை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஒப்பந்தக்காரர் என்னும் கேடயம்

தோட்டப்புறத்தில் வளர்ந்த நமக்கு ஒப்பந்த முறை புதிதல்ல. சுவா, ஜிமா, லுக்குட் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேட்டால், கங்காணி, தண்டல், கிராணி, துரை என்று படிப்படியாக நின்ற அதிகார ஏணியைச் சொல்வார்கள். பிறகு ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள். தொழிலாளிக்கு ஒரு கெடுதல் நேர்ந்தால், ‘யார் உன் முதலாளி?’ என்ற கேள்விக்கே விடை தேடி அலைய வேண்டியிருந்தது. பழைய ஆங்கிலச் சட்டம் இன்னும் கொடியது. உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவால் காயம்பட்ட தொழிலாளி முதலாளியிடம் ஈடு கேட்க முடியாது என்ற விதி 1837இல் ஒரு வழக்கில் தோன்றி, 1948இல்தான் இங்கிலாந்தில் சட்டத்தால் நீக்கப்பட்டது. அடிபட்டவரின் சுமையைப் பிறர் மேல் தள்ளிவிடும் வழக்கம் எத்தகையது என்பதை நம் முன்னோர் அனுபவித்தே அறிந்தார்கள். அதே வழக்கத்தை நம் ஆலயத்தில் நாமே கடைப்பிடிக்கலாமா?

சட்டத்தின் பொது விதி இது: சுயமாகத் தொழில் நடத்தும் ஒப்பந்தக்காரரின் கவனக்குறைவுக்கு அவரை அமர்த்தியவர் பொறுப்பல்ல. பந்தல்காரர் தம் ஆட்களோடும் தம் கருவிகளோடும் வந்து, தம் முறைப்படி வேலை செய்தால், அவர் தவறு அவரையே சேரும். ஆனால் இந்தக் கேடயத்தில் ஓட்டைகள் உண்டு. தகுதியற்றவர் என்று தெரிந்தும் விலை மலிவு என்பதற்காக ஒருவரை அமர்த்தினால், அது அமர்த்தியவரின் சொந்தத் தவறு. வேலையின் ஒவ்வொரு அசைவையும் நாமே கட்டளையிட்டால், அவர் ஒப்பந்தக்காரரா ஊழியரா என்ற ஐயம் எழும். சில கடமைகளை எவரிடமும் மாற்றிக் கொடுத்துவிட்டுத் தப்பவே முடியாது.

கடைசியாகச் சொன்னதற்கு நம் நாட்டிலேயே அண்மைச் சான்று உண்டு. தனியார் மருத்துவமனைகளில் பணிபுரியும் சிறப்பு மருத்துவர்கள் பலர் ஊழியர் அல்லர், சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள். 2017இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில், அத்தகைய மருத்துவரின் கவனக்குறைவுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல என்று கூறியது. 2024இல் கொலம்பியா ஏசியா மருத்துவமனை தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம், அவசரப் பிரிவுக்கு வந்த நோயாளியைக் காக்கும் கடமை மருத்துவமனைக்கே உண்டு, மருத்துவரைக் காட்டி அதிலிருந்து விலக முடியாது என்று தீர்ப்பளித்தது. ஏழே ஆண்டுகளில் கேடயம் எவ்வளவு மெலிந்துவிட்டது பாருங்கள்!

ஆலயங்களுக்கு நெருங்கிய துயரமும் ஒன்று உண்டு. 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியற்காலையில், கேரளத்தின் கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் தேவி ஆலயத் திருவிழாவில் வாணவெடிகள் வெடித்துச் சிதறி நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமலே அந்த வாணவேடிக்கை நடந்தது. வெடி வைத்தவர்கள் ஒப்பந்தக்காரர்கள்தாம். ஆனால் ஆலய நிர்வாகிகளும் கைது செய்யப்பட்டனர். பழி ஒப்பந்தக்காரர்களோடு நிற்கவில்லை. வெடியை வெடிப்பது ஒருவர். வெடிக்கச் சொல்லிப் பணம் கொடுப்பவர் இன்னொருவர் என்பதை ஊர் மறப்பதில்லை.

பள்ளிக்கூடம் கற்றுத் தரும் பாடம்

ஆசிரியராகப் பணியாற்றிய அடியேனுக்கு மிகவும் பயன்பட்டவை இரண்டு மலேசிய வழக்குகள். இரண்டிலும் ஒரு மாணவனால் இன்னொரு மாணவனுக்குக் காயம்.

1977இல் முடிந்த வழக்கில், ஆசிரியர் வகுப்பில் இருக்கும்போதே ஒரு மாணவன் மற்றொருவனை ஊசியால் குத்தினான். குத்துப்பட்டவன் திரும்பியபோது, முதலாமவன் கையிலிருந்த பென்சில் முனை கண்ணில் பட்டுக் கண் போயிற்று. இதைக் கவனமுள்ள ஆசிரியராலும் முன்கூட்டியே அறிந்து தடுத்திருக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் கருதியது. ஆசிரியரும் அரசாங்கமும் பொறுப்பல்ல என்று தீர்ப்பாயிற்று.

1981இல் முடிந்த வழக்கில், தோட்டக்கலைப் பாடத்தின்போது ஒரு மாணவன் ஓங்கிய மண்வெட்டி மற்றொரு மாணவனின் தலையில் பட்டது. இங்கே நீதிமன்றம் ஆசிரியர் தரப்பைக் குறை கூறியது. கூரிய கருவியைச் சிறுவர் கையில் கொடுக்கும்போது, எப்படிப் பிடிப்பது, எவ்வளவு இடைவெளி விட்டு நிற்பது என்று சொல்லித் தந்து மேற்பார்வை செய்திருக்க வேண்டும். ஆசிரியர் அரசாங்க ஊழியர் ஆதலால் அரசாங்கமும் பொறுப்பாயிற்று.

இந்த இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சட்டத்தின் நியாயம் விளங்கும். எதிர்பாராத விபத்துக்கெல்லாம் யாரையாவது பிடித்துப் பணம் வாங்குவது சட்டத்தின் நோக்கமல்ல. எதிர்பார்க்கக் கூடிய ஆபத்தை எதிர்பாராமல் இருந்ததே குற்றம். பென்சில் எந்த வகுப்பிலும் இருக்கும். மண்வெட்டியை நாம்தான் எடுத்துக் கொடுக்கிறோம். அன்னதானக் கூடத்தின் எரிவாயு அடுப்பும், ரதத்தின் ஜெனரேட்டரும், தீமிதிக் குழியும் மண்வெட்டியின் வகையைச் சேர்ந்தவை.

பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. மனுநீதிச் சோழன் மகன் செய்ததற்குத் தானே பொறுப்பேற்றான். நம் சட்டமோ, பிள்ளை செய்தான் என்பதற்காக மட்டும் தந்தையைப் பொறுப்பாக்குவதில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பையனிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டால், அது பிள்ளையின் தவறு மட்டுமன்று. சாவி கொடுத்த தந்தையின் சொந்தத் தவறுமாகும்.

வாகனத்தை இரவல் கொடுப்பது

ஆலய வேனை யாராவது கேட்டால் கொடுப்பது நம்மிடையே வழக்கம். 1972இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முடித்த வழக்கு இதற்கு வழிகாட்டும். மனைவியின் காரைக் கணவன் எடுத்துச் சென்று மது அருந்தினான். பிறகு நண்பனை ஓட்டச் சொன்னான். விபத்து நேர்ந்து பயணிகள் காயமடைந்தனர். கார் மனைவியுடையது என்பதற்காக மட்டும் அவள் பொறுப்பாக மாட்டாள். ஓட்டியவர் அவளுடைய காரியத்திற்காக ஓட்டியிருந்தால்தான் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று.

இதை ஆலயத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுச் சாமான் ஏற்ற வேனை இரவல் வாங்கினால் அது அவர் காரியம். அதே உறுப்பினர் ஆலயப் பூசைக்குப் பூ வாங்கச் சிரம்பானுக்கு ஓட்டிச் சென்றால் அது ஆலயத்தின் காரியம். ஆகவே வாகனப் பதிவேட்டில் ‘யார் எடுத்தார்’ என்பதோடு ‘எதற்காக எடுத்தார்’ என்பதையும் எழுத வேண்டும். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது காலாவதியாகாமல் பார்ப்பது பொருளாளரின் தலையாய கடமை.

தவறு செய்தவர் தப்பி விடுவாரா?

நிர்வாகம் பொறுப்பேற்றால் காயப்படுத்தியவர் சிரித்துக்கொண்டு போய்விடுவாரா என்று சிலர் கேட்பார்கள். அப்படி அல்ல. அவரும் பொறுப்பாளியே. காயம்பட்டவர் இருவரில் எவரிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம். கொடுத்தவர் மற்றவரிடம் பங்கு கேட்கலாம். இதற்கு நம் குடிமைச் சட்டத்தில் இடமுண்டு.

1957இல் இங்கிலாந்தில் முடிந்த ஒரு வழக்கு மனத்தை உலுக்குவது. தந்தையும் மகனும் ஒரே நிறுவனத்தில் வேலை செய்தனர். மகன் லோரியைப் பின்னோக்கி ஓட்டியபோது தந்தை அடிபட்டார். நிறுவனத்திற்காகக் காப்புறுதிக் கம்பெனி தந்தைக்கு ஈடு கொடுத்தது. பிறகு அதே தொகையை மகனிடமிருந்து வசூலிக்க வழக்குத் தொடுத்து வென்றது! சட்டப்படி சரியான இத்தீர்ப்பு மனிதாபிமானப்படி சரியா என்று அக்காலத்திலேயே பெரும் விவாதம் எழுந்தது. தொண்டர்களை நம்பி நடக்கும் ஆலயம் இந்த வழியில் போக விரும்பாது என்றே நம்புகிறேன். அதனால்தான் தொண்டரையும் காக்கும் வகையில் காப்புறுதி எடுப்பது நல்லது.

பணம் எங்கிருந்து வரும்?

இங்கேதான் உபயக்காரர்களின் அக்கறை இருக்கிறது. நம் நாட்டு ஆலயங்களில் பல, 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டப்படி பதிவு பெற்றவை. பதிவு பெற்ற சங்கம் ஒரு கம்பெனியைப் போலச் சட்டத்தின் பார்வையில் தனி ஆள் அல்ல; அதற்கென அறிவிக்கப்பட்ட பொது அலுவலரின் பெயரில் வழக்கு நடக்கும். இழப்பீடு விதிக்கப்பட்டால், இராஜகோபுரத்திற்கும் கும்பாபிஷேகத்திற்கும் என்று நீங்கள் கொடுத்த வெள்ளியெல்லாம் அதற்குப் போக வேண்டி வரலாம்.

இதைக் கேட்டு, பணத்தைக் காக்க வேண்டுமானால் பொறுப்பை மறுக்க வேண்டும் என்று யாரும் எண்ணலாகாது. காயம்பட்டவரும் அம்மனைக் காண வந்த பக்தர்தாம். பால்மரம் வெட்டியோ செம்பனைக் குலை அறுத்தோ வயிறு வளர்த்தவர் கை முறிந்து வீட்டில் கிடக்க, நாம் கோபுரத்திற்கு வர்ணம் பூசுவது எந்த அறத்தில் சேரும்? பொறுப்பை ஏற்கவும் வேண்டும். திருப்பணி நிதியைக் காக்கவும் வேண்டும். இரண்டுக்கும் வழி ஒன்றுதான். தீங்கு நேராமல் தடுப்பது. அப்படியும் நேர்ந்தால் ஈடு செய்யக் காப்புறுதி வைத்திருப்பது. பொதுப் பொறுப்புக் காப்புறுதி என்று கேட்டாலே கம்பெனிகள் விவரம் தரும். திருவிழா, தொண்டர், ரத ஊர்வலம் ஆகியவை அதில் அடங்குகின்றனவா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

சம்பளம் பெறும் ஊழியர்களுக்குச் சொக்சோ சந்தா செலுத்துவது 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதன் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். ஆகவே தமிழகத்திலிருந்து வரவழைக்கப்படும் குருக்கள், மேளக்காரர் பற்றியும் சொக்சோ அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

திருவிழாவுக்கு முன் செய்ய வேண்டியவை

ஒன்று: தொண்டர் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் எந்த வேலை, யார் மேற்பார்வை என்று அதில் குறிப்பிடுங்கள்.

இரண்டு: வாகனம் ஓட்டுபவரின் உரிமத்தைக் கண்ணால் பாருங்கள். கேள்விப்பட்டது போதாது.

மூன்று: பந்தல், மின்சார ஒப்பந்தக்காரரிடம் அவருடைய தகுதிச் சான்றையும் காப்புறுதிப் பத்திரத்தையும் கேளுங்கள். விலை குறைவு என்பது தகுதி ஆகாது.

நான்கு: ரதம் செல்லும் பாதையை முன்னதாகவே நடந்து பாருங்கள். 2022 ஏப்ரல் 27ஆம் நாள் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் ஊர்வலத்தின்போது மேலே சென்ற மின்கம்பி உரசிப் பதினொரு பேர் உயிரிழந்தனர். ரதத்தின் உயரம் என்ன, கம்பியின் உயரம் என்ன என்று அளந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

ஐந்து: சிறுவர்களை அடுப்பருகிலும் கொதிக்கும் பாத்திரத்தருகிலும் நிறுத்தாதீர்கள். அவர்கள் ஆர்வம் பெரிது, கைப்பலம் சிறிது.

ஆறு: விபத்து நேர்ந்தால் முதல் வேலை சிகிச்சை. அடுத்தது, நடந்ததை அன்றே எழுதி வைத்துக் காப்புறுதிக் கம்பெனிக்கு அறிவிப்பது. மூடி மறைப்பது பிறகு வழக்கிலும் கெடுக்கும், ஊரிலும் கெடுக்கும்.

காயம்பட்டவர் அறிய வேண்டியவை

நம் வாசகர்களில் பலர் நிர்வாகிகள் அல்லர். வேறோர் இடத்தில் வேறொருவர் ஊழியரால் இழப்புக்கு ஆளாகக் கூடியவர்கள். அவர்களுக்கும் சில சொற்கள். சாலை விபத்தானால் இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். வாகனத்தின் எண்ணோடு, பக்கவாட்டில் எழுதியுள்ள நிறுவனத்தின் பெயரையும் குறித்துக் கொள்ளுங்கள். மருத்துவ அறிக்கை, செலவு ரசீது, சம்பளச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

காயத்திற்கான வழக்கைப் பொதுவாக ஆறு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அரசாங்கத்தின் மீதானால் முப்பத்தாறு மாதங்கள்தாம். உயிரிழந்தவரின் குடும்பத்தார் தங்கள் ஆதரவு இழப்புக்காகத் தொடுக்கும் வழக்கிற்கு மூன்று ஆண்டுகள். துக்கத்தில் நாட்கள் ஓடிவிடும், தவணை காத்திராது. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி அலுவலகத்தில் வருமான விவரத்துடன் விண்ணப்பிக்கலாம். வேலையிடத்தில் காயமுற்ற சொக்சோ உறுப்பினர், முதலாளி மீது தனியாக வழக்குத் தொடுக்கச் சட்டம் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை; ஆகவே சொக்சோ மனுவை உடனே செய்வதே வழி.

முடிவாக

சேக்கிழார் பெருமான் சொன்ன வரிசையை மீண்டும் நினைவில் கொள்வோம். ஆலயத்தில் உண்டியல் திருடனுக்குப் பயந்து பூட்டும் கேமராவும் வைக்கிறோம். அது ஐந்தில் நான்காவது அச்சம். முதல் இரண்டு அச்சங்களுக்கு, அதாவது நம்மாலும் நம் பரிவாரத்தாலும் பிறருக்கு வரக் கூடிய தீங்கிற்கு, நாம் எந்தப் பூட்டு வைத்திருக்கிறோம்? அடுத்த ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைக் கேட்கும் உபயக்காரர்கள், தொண்டர் பட்டியலையும் காப்புறுதிப் பத்திரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டுகிறேன். கேட்பவர்களை நிர்வாகம் குறையாக எண்ணாது, எண்ணவும் கூடாது.

திருவிழாவுக்கு வந்தவர் அனைவரும் வந்தபடியே நலமாக வீடு திரும்ப வேண்டும். அதுவே நிறைவான திருவிழா. அதற்கு அம்மன் அருளும் நம் கவனமும் துணை நிற்பதாக.